கணுக்கால் பொய் சொல்லும், கட்டைவிரலைக் கேளுங்க

1/ "ஏபிஐ 1.5, ரத்த ஓட்டம் நல்லாருக்கு." நாள்பட்ட சுகர், பாதத்துல ஆறாத புண். இந்த ரிப்போர்ட்டை நம்பி பேஷன்ட்டை வீட்டுக்கு அனுப்புறது மருத்துவம் இல்லை, அலட்சியம்.

2/ ஏபிஐ என்பது கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்த எண். சுகர்ல கால் தமனிச் சுவரில் கால்சியம் படிஞ்சு இறுகிடும். கஃப் அழுத்தினாலும் அமுங்காது. ஏறினது நம்பர்தான், ஓட்டம் இல்லை.

3/ விரல் தமனிகளில் இந்தப் படிவு குறைவு. கட்டைவிரலுக்கு ஒரு குட்டி கஃப், ஒளி சென்சார். ஊசியே வேண்டாம். 30 மி.மீ. மெர்க்குரிக்குக் கீழே வந்தா கால் ஆபத்தில் இருக்கு.

4/ தோலின் நுண்குழாய்களை அறிய, மேலே ஒட்டி ஆக்சிஜன் அளக்கும் டிசிபிஓ2 இருக்கு.

5/ "வசதி இல்லை"ன்னு சொல்லாதீங்க. காலை வெட்ட தியேட்டர் இருக்கு. விரலை அளக்க கஃப் இல்லையா?