64ஆவது ஆசனம்

அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்போல் இரசிகர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நடத்தும் சொற்போர்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். தமது அணி நாட்டில் பத்தாவது அணியா, பதினைந்தாவது அணியா என்பதில் அவர்கள் காட்டும் ஆவேசத்தில் பத்திலொரு பங்கைக்கூட, அந்த இடத்தைத் தீர்மானிப்பவர் யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார் என்ற கேள்வியில் அவர்கள் காட்டுவதில்லை. அதிலும் 2022ஆம் ஆண்டின் பின்னர், எந்த விவாதத்தையும் ஒரே சொல்லில் முடித்துவைக்கும் துருப்புச்சீட்டு ஒன்று அவர்கள் கைக்குக் கிடைத்துவிட்டது. அதன் பெயர் ஓல் மிஸ்.

விபரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓல் மிஸ் என்பது மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு வழங்கும் பெயர். 2022 பருவத்தின் ஆரம்பத்தில் தரவரிசையின் முதலிடம் வரை சென்ற அந்த அணி பின்னர் சரிந்து, எஸ்.ஈ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் 14 வெற்றிகளுடனும் 16 தோல்விகளுடனும் நின்றது. தேசியச் சுற்றுப்போட்டியில் 64 அணிகளுக்கு இடமுண்டு. கூட்டமைப்புகளின் சாம்பியன்கள் நேரடியாக நுழைவார்கள். எஞ்சிய ஆசனங்களை என்.சி.ஏ.ஏ.யின் தெரிவுக்குழு பகிர்ந்தளிக்கும். அவ்வாண்டு அந்தக் குழு கடைசியாகச் சேர்த்துக்கொண்ட அணி ஓல் மிஸ். அது 11 ஆட்டங்களில் 10இல் வென்று, ஜூன் 26ஆம் திகதி ஒமாஹாவில் ஒக்லஹோமாவை வீழ்த்தித் தேசியச் சாம்பியனாகியது.

“பார்த்தீர்களா, குழுவின் தெரிவு எவ்வளவு சரியானது!” என்கிறார்கள் தென்மாநில இரசிகர்கள். இதைவிடப் பலவீனமான ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. கடைசியாக நுழைந்த அணி கிண்ணத்தை வென்றது என்பதன் பொருள் என்ன? வாசலுக்கு உள்ளே நின்ற கடைசி அணிக்கும் வெளியே நின்ற முதல் அணிக்கும் இடையே குழு கண்ட வித்தியாசம் பெறுமதியற்றது என்பதுதான்.  அதே ஆண்டு குழு முதலிடத்தில் வைத்த ரென்னஸி, 57 வெற்றிகளைக் குவித்தும் தன் சொந்த மைதானத்தில் நோட்டர் டேமிடம் தோற்று, ஒமாஹாவைக் காணாமலே வீடு திரும்பியது. முதலாவதும் பிழை, கடைசியும் பிழை. இதற்குத்தான் பாராட்டா?

வாசலுக்கு வெளியே முதலில் நிறுத்தப்பட்டவை நான்கு அணிகள்: லிபர்ட்டி, நோர்த் கரோலினா ஸ்டேட், ஓல்ட் டொமினியன், ரட்கர்ஸ். இவற்றில் நோர்த் கரோலினா ஸ்டேட்டுக்காக எழுந்த கூக்குரலே மிகப் பெரியது. அதற்குக் காரணமும் உண்டு. 2021இல் இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒரேயொரு வெற்றி தேவை என்ற நிலையில், கொவிட் விதிகளின் பெயரால் நள்ளிரவு கடந்து அந்த அணியை ஒமாஹாவிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே கதவும் சாத்தப்பட்டால் யாருக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்? எனினும் அனுதாபம் வேறு, தகுதி வேறு. 2022இல் அவர்களும் தமது கூட்டமைப்பில் வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் கண்டிருந்தார்கள். உண்மையான அநீதி, அதிகம் பேசப்படாத ரட்கர்ஸுக்கும் ஓல்ட் டொமினியனுக்கும் இழைக்கப்பட்டது என்பதே என் கருத்து. 44 ஆட்டங்களில் வென்ற ரட்கர்ஸ் இளைஞர்களுக்குத் தொலைபேசி மணி அடிக்கவில்லை.

ஏன் அடிக்கவில்லை? ஆர்.பி.ஐ. என்றொரு சுட்டெண் இருக்கிறது. அதில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதப் பெறுமதியே உண்டு. எதிரணிகளின் பெறுபேற்றுக்கு 50 சதவீதம், எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25 சதவீதம். அதாவது முக்கால் பங்கு மற்றவர்களின் கணக்கு. பலசாலியிடம் தோற்றால் புள்ளி ஏறவும் கூடும், பலவீனனை வென்றால் இறங்கவும் கூடும். பெரிய கூட்டமைப்பின் அணிகள் பருவத்தின் முதல் வாரங்களில், வெப்பமான தெற்கில், தமது மைதானங்களில் வெளியணிகளை வரவழைத்து வெற்றிகளைச் சேர்க்கின்றன. பின்னர் தமக்குள்ளே மோதுகின்றன. அப்போது ஒருவரின் தோல்விகூட மற்றவரின் பெருமைக்கு உரமாகிவிடுகிறது. நியூ ஜேர்சியில் பெப்ரவரியின் பனிக்குள் எவர் பேஸ்போல் ஆடுவது? ரட்கர்ஸ் போன்ற வட மாநில அணிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே போகத்தான் வேண்டும். இந்தக் குறையை உணர்ந்தே 2013இலிருந்து வெளி மைதான வெற்றிக்கு 1.3 என்றும் சொந்த மைதான வெற்றிக்கு 0.7 என்றும் நிறை கொடுத்தார்கள். ஒட்டுப்போட்ட சட்டைதான். கூடைப்பந்தாட்டத்தில் இதே சுட்டெண்ணை என்.சி.ஏ.ஏ. 2018இல் கைவிட்டது. பேஸ்போலில் 2022இலும் அது குழுவின் மேசையில் இருந்தது.

வாராந்தத் தரவரிசைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திங்கட்கிழமைக்கு ஒரு தலைப்புச் செய்தி வேண்டும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் எட்டாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் இடையே இரத்தக்கொதிப்பு ஏறும் அளவுக்குச் சண்டையிடும் அன்பர்கள், ஓல் மிஸ் அதில் முதலிடத்திலும் இருந்தது, சில வாரங்களில் காணாமலும் போனது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

எஸ்.ஈ.சி.யில் பெறும் 14 வெற்றிகள் வேறிடத்து 40 வெற்றிகளுக்குச் சமம் என்போர் உண்டு. அந்தக் கூட்டமைப்பு வலிமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வலிமை களத்தில் சோதிக்கப்படட்டும். 2025இல் அந்தக் கூட்டமைப்பிலிருந்து 13 அணிகள் அழைக்கப்பட்டன. ஒமாஹா வரை சென்றவை எல்.எஸ்.யூ., ஆர்கன்சோ ஆகிய இரண்டே. எல்.எஸ்.யூ. கிண்ணத்தை வென்றது, உண்மைதான். ஆனால் குழு முதலிடத்தில் வைத்த வன்டர்பில்ட்டும் இரண்டாமிடத்தில் வைத்த ரெக்ஸாஸும் தத்தம் மைதானத்திலேயே முதற்சுற்றுடன் வெளியேறின.

சொந்தக் கூட்டமைப்பில் பாதி ஆட்டங்களைக்கூட வெல்லாத அணிக்கு, சாம்பியன் பட்டம் பெற்றாலன்றி அழைப்பில்லை என்று ஒரு விதி இயற்றப்பட வேண்டும். வெளியே நிறுத்தப்பட்ட முதல் நான்கு அணிகளுக்கும் தனித்தனியே எழுத்தில் காரணம் கூறப்பட வேண்டும். ஒரு தலைவரின் தொலைக்காட்சி விளக்கம் போதாது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அடுத்த பருவம் என்பது இல்லை.

அதே 2025இல் ஓல் மிஸ் தன் ஒக்ஸ்போர்ட் மைதானத்தில் முதற்சுற்றை நடத்தும் தகுதி பெற்றிருந்தது. அங்கே நான்கு அணிகளில் நான்காவதாகக் குறிக்கப்பட்டு வந்தது கென்டக்கி மாநிலத்தின் மரே ஸ்டேட். அந்தச் சிறிய பல்கலைக்கழகம் ஓல் மிஸ்ஸை அதன் வீட்டிலேயே தோற்கடித்து, அடுத்த சுற்றில் டியூக்கையும் வென்று ஒமாஹாவுக்குச் சென்றது. அது சுற்றுப்போட்டிக்குள் வந்தது தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்ற உரிமையால். அந்தப் பட்டம் கை நழுவியிருந்தால் குழு அதனை அழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா?