தண்ணி குடின்னு சொல்ற மகராசங்களுக்கு

"தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிங்க"ன்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்பினா இப்பல்லாம் எனக்கு சுர்ருன்னு ஏறுது. கோவம் தண்ணி மேல இல்லீங்க.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. காலைல நிரப்பிக் குடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். சோம்பேறின்னு நானும் தங்கமணியும் மாத்தி மாத்தித் திட்டுவோம். ஒரு நாள் நீர்க்கடுப்பு, கூடவே குளிர் ஜுரம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?"

"போக மாட்டேன். கதவுல தாழ்ப்பாள் இல்ல, ஒரே நாத்தம். தண்ணி குடிச்சாத்தானே போகணும்?"

12 வயசுல போட்ட கணக்கு! நான் திட்டினதெல்லாம் எனக்கே திரும்பி வந்துச்சு.

பெண்களுக்கு மூத்திரக்குழாய் சுமார் 4 செ.மீ.தான். கிருமி சுலபமா மேல ஏறிடும். அதை அடிச்சு வெளியே தள்றது சிறுநீர்தான். குடிக்காம, வந்ததையும் அடக்கினா கிருமிக்கு வாடகையில்லாத வீடு. 2018ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ல வந்த ஒரு ஆய்வு. அடிக்கடி இந்தத் தொற்று வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க வெச்சாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்குத் தொற்று சராசரியா 1.7 தடவை, மத்தவங்களுக்கு 3.2. ஆக, தண்ணி மருந்துதான், ஒத்துக்கறேன். அந்த ஒன்றரை லிட்டரை எங்கய்யா போய் விடறது?

2025ல நம்மூர்ப் பள்ளிகளுக்கு 'வாட்டர் பெல்' வந்துச்சு. நல்ல விஷயம். இவ ஸ்கூல்லயும் மணி அடிக்குதாம். பொண்ணுங்க உதட்டை மட்டும் நனைச்சுட்டு மூடியைத் திருகிடுவாங்களாம்.

ஜவுளிக்கடையில நாள் பூரா நிக்கிற பொண்ணுங்களுக்கும் இதே கதைதான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விஜின்னு ஒரு தையல்காரம்மா, 'பெண்கூட்டு'ன்னு கடைப்பெண்களைச் சேர்த்துப் போராடினாங்க. கேட்டது கழிப்பறை. உட்காரும் உரிமைக்கான சட்டத்திருத்தம் கேரளாவுல 2018ல, இங்க 2021ல வந்துச்சு. நாற்காலி சரி. உட்கார்ந்துகிட்டே அடக்கணுமா?

"பொண்ணுங்கன்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்"னு பின்னூட்டம் போட வர்ற அனானி அண்ணே, ஒரே ஒரு நாள் காலை எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அடக்கிட்டு அப்புறமா வாங்க, பேசலாம்.

டிஸ்கி: ஸ்கூல்ல சொன்னேன், "ஃபண்ட் வரட்டும் சார்"னாங்க. இரும்புக்கடையில தாழ்ப்பாள் 60 ரூவா. நாலு வாங்கிட்டேன். ஸ்க்ரூ டிரைவரோட திங்கக்கிழமை போறேன்.