லைட்டுக்குக் காசிருக்கு, பவர் சப்ளைக்கு இல்லையா?

கேமிங் கணினி பூட்ட வெளிக்கிட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது கிராபிக்ஸ் கார்ட், பிறகு மின்னுகிற கேசிங். மிஞ்சுகிற காசுக்குத்தான் பவர் சப்ளை. இந்த வரிசை பிழை.

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டே 170 வாட் இழுக்கும். 550 வாட் பவர் சப்ளை போடச் சொல்லி என்விடியாவே சொல்லுது. மலிவுச் சாமான், பெட்டியில் எழுதின வாட்டைத் தருமென்ற நிச்சயமில்லை. '80 பிளஸ்' முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகுது என்பதைத்தான் காட்டும், பாதுகாப்பை அல்ல.

2022இல் கரண்ட் போய்ப்போய் வந்ததை மறந்திட்டமா? எங்கட கூட்டத்தில் ஒருத்தனுக்கு மலிவு பவர் சப்ளையோடு போர்டும் கார்டும் சேர்ந்தே எரிஞ்சது. அது அம்மாவின் சீட்டுக்காசு.

கார்டில் ஒரு படி இறங்குங்கோ. லைட்டைப் பிறகு பூட்டலாம்.