வாயை மூடி இருப்பதற்கு ஒரு காப்புறுதி

லண்டனில் வீட்டை விற்கப் புறப்படும் நம்மவர்களிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "லாஃப்டுக்கு சர்டிஃபிகேட் இல்லை, விற்கேக்க பிரச்சினை வருமோ?" ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று தமிழர் செறிந்து வாழும் இடங்களில் கூரைக்கடியில் ஓர் அறை எடுக்காத வீதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்காக எடுக்கிறார்கள், வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்காக எடுக்கிறார்கள், வாடகைக்கு விட எடுக்கிறவர்களும் உண்டு. இந்த நகரத்தில் ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாறுவதென்றால் முத்திரை வரியே கண்ணைக் கட்டும். ஆகவே லாஃப்ட் எடுத்ததை யாரும் குறை சொல்லப்போவதில்லை. எமக்கு உறுத்துவது வேறு. விலை குறையுமா என்று கேட்கிறவர், இத்தனை வருடமாக அந்த அறையில் யாரைப் படுக்க வைத்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். பில்டர்கள் பலர் குளிர்காய்வது இதில்தான். "பெர்மிஷன் ஒண்டும் தேவையில்லை அண்ணை, எல்லாம் பெர்மிட்டட் டெவலப்மெண்டுக்குள்ள வரும்" என்பார்கள். அது பாதி உண்மை. இங்கிலாந்தில் வரிசை வீட்டின் கூரையில் 40 கன மீட்டர் வரையும், தனி வீடு அல்லது இரட்டை வீட்டில் 50 கன மீட்டர் வரையும், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திட்ட அனுமதி கேட்காமலே கூட்டிக் கட்டலாம். ஆனால் திட்ட அனுமதி என்பது வீடு வெளியே எப்படித் தெரிகிறது, அயலவருக்கு இடைஞ்சலா என்பதைப் பார்க்கும் சமாச்சாரம். கூரை இடிந்து விழாமல் நிற்குமா, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வருவாரா என்று பார்ப்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ். வாழும் அறையாக மாற்றுகிற எந்த லாஃப்டுக்கும் அது கட்டாயம். ஒன்றுக்கு விலக்கு இருப்பதைச் சொல்லி மற்றதை விழுங்கிவிடுகிற பில்டரை நாம் வேறு பெயரிட்டு அழைக்க வேண்டியதில்லை, ஏமாற்றுக்காரர் என்பதே போதும்.

விதி என்ன கேட்கிறது? முதலாவது தரை. பழைய கூரைக்குள் ஏறிப் பார்த்தால் குறுக்கே ஓடும் மரச்சட்டங்கள் தெரியும். அவை கீழறையின் சீலிங்கைத் தாங்கப் போட்டவை. சூட்கேஸும் நத்தார் மரப் பெட்டியும் வைக்கலாம், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ என்பது கணக்கு. ஆள் வாழும் அறையின் தரைக்குக் கணக்கு 150 கிலோ. அந்தச் சட்டங்களின் மேலேயே பலகை அடித்து, கார்பெட் விரித்து, கட்டில், அலுமாரி, நாலு பேர் என்று ஏற்றிவிட்டு "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்கிறவர்களை நாம் அறிவோம். முறையாகச் செய்தால் புதிய சட்டங்களும் தேவைப்படும் இடத்தில் இரும்பு பீமும் வரும், அதற்கு ஒரு பொறியாளரின் கணக்கும் வரும். பீம் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் ஏறினால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயலவருக்கு இரண்டு மாதம் முன்பே அறிவிக்கவும் வேண்டும்.

அடுத்தது தீ. இதில்தான் விதி கறாராக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இரண்டு மாடி வீட்டில் லாஃப்ட் எடுத்தால் அது மூன்றாவது தளம். தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு மேல் போய்விட்டால் ஜன்னலால் குதித்துத் தப்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தப்ப ஒரே வழி படிக்கட்டு. எனவே லாஃப்டிலிருந்து வாசல் கதவு வரை அந்தப் படிக்கட்டு அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர்களுக்குள் இருக்க வேண்டும். அதில் திறக்கும் அறைகளுக்கு ஃபயர் டோர் வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் மின் இணைப்பில் இயங்கும் ஸ்மோக் அலாரம், ஒன்று கத்தினால் எல்லாம் கத்துவதாக, இருக்க வேண்டும்.

நம்மவர் வீடுகளை இப்போது நினைத்துப் பாருங்கள். வாசலால் நுழைந்ததும் இருந்த நடைச் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கியாயிற்று. அதற்கும் பின்னால் குசினியையும் திறந்துவிட்டாயிற்று. விருந்துக்கு ஐம்பது பேர் வந்தாலும் இடம் காணும். படிக்கட்டு இறங்குவதோ நேரே ஹாலுக்குள். இரவு இரண்டு மணிக்குக் குசினியில் தீப்பிடித்தால் புகை முதலில் பிடிக்கும் வழி அந்தப் படிக்கட்டு. மேலே முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வந்த அம்மா படுத்திருக்கிறார். அவர் இறங்கிவர வேண்டியதும் அதே வழி. திறந்த வீட்டுக்குப் பாதுகாப்பான தீர்வு இல்லாமலில்லை. தடுப்புச் சுவர் எழுப்பலாம், நீர்த்தெளிப்புக் கருவி போன்ற மாற்று ஏற்பாட்டை, பில்டிங் ரெகுலேஷன்ஸைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டரோடு பேசி முடிவு செய்யலாம். இன்ஸ்பெக்டரையே கூப்பிடாதவருக்கு இதை யார் சொல்வது?

சான்றிதழ் வாங்கியவர்களும் முழுக்கத் தப்ப முடியாது. ஃபயர் டோர் கனமாக இருக்கிறது, பழைய கதவின் அழகு இல்லை என்று, இன்ஸ்பெக்டர் வந்துபோன கையோடு அதைக் கழற்றிப் பின்வளவுக் கொட்டிலில் போட்டுவிட்டுப் பழைய கதவை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதம் கையில் பத்திரமாக இருக்கிறது. விற்கும்போது பிரச்சினையே வராது.

இனி விற்பனைக்கு வருவோம். வீட்டை விற்பவர் நிரப்பும் தகவல் படிவத்தில் லாஃப்ட் மாற்றம் செய்ததுண்டா, அதற்கான ஒப்புதல்கள் எங்கே என்ற கேள்வி நேராகவே இருக்கிறது. வாங்குபவரின் சொலிசிட்டர் முடிவுச் சான்றிதழைக் கேட்கிறார். இல்லை. உடனே விற்பவர் பக்கத்திலிருந்து இன்டெம்னிட்டி காப்புறுதி என்று ஒன்று நீட்டப்படுகிறது. ஒரே ஒரு தடவை பிரீமியம், அதுவும் வீட்டு விலையோடு பார்த்தால் கொசுறு. கவுன்சில் பிற்காலத்தில் நடவடிக்கை எடுத்தால் அந்த நட்டத்துக்கு ஈடு. மோர்ட்கேஜ் கொடுப்பவரும் பெரும்பாலும் இதில் சமாதானமாகிவிடுகிறார். சாவி கைமாறுகிறது.

அந்தக் காப்புறுதியின் நிபந்தனையைப் படித்தவர் எத்தனை பேர்? கவுன்சிலோடு இதைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது, இனியும் பேசக் கூடாது. பேசினால் பாலிசி கிடைக்காது, கிடைத்திருந்தாலும் செல்லாது. எனவே வீடு வாங்கப்போகிறவர், "இந்த அறை பாதுகாப்பானதா?" என்று கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு ஒரு ஃபோன் போட்டால், "ஐயோ, காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே" என்று அவரைத்தான் எல்லோரும் கடிந்துகொள்கிறார்கள். தரை இறங்கினால் அந்தப் பாலிசி ஒரு சதம் தராது. மோசமான வேலையைத் திருத்தும் செலவையும் தராது. அது காப்பது கவுன்சிலின் கடிதத்திலிருந்து மட்டும். கவுன்சில்கள் பழைய லாஃப்டுகளைத் தேடிப்போய் நடவடிக்கை எடுப்பது அரிது, அதனால்தான் பிரீமியம் மலிவு. உண்மையை விசாரிப்பதைத் தண்டிக்கிற ஓர் ஒப்பந்தத்தை, சட்டப்படி செல்லும் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமானதென்று ஏற்க முடியாது. மனிதர் உறங்கும் அறைக்கு இத்தகைய பாலிசி விற்பதைத் தடை செய்ய வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தபின் இந்த நாட்டில் விதிகள் இறுகின. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், விதி மீறிய வேலையைத் திருத்தவோ அகற்றவோ சொல்லும் கவுன்சிலின் அதிகாரத்தை வேலை முடிந்து ஓராண்டு என்றிருந்ததிலிருந்து பத்தாண்டாக நீட்டியது. விதி மீறலுக்கு இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். அந்தக் கோபுரத்தைச் சுற்றிலும் சான்றிதழ்களுக்கும் கையொப்பங்களுக்கும் பஞ்சமே இருக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பழியை யாருக்கு எவ்வளவு பகிர்வது? தெரிந்தே இன்ஸ்பெக்டரைத் தவிர்த்து, செலவை மிச்சம் பிடித்து, அதே அறையை "நாலாவது பெட்ரூம்" என்று விலையில் ஏற்றி விற்பவர் முதல் குற்றவாளி. அதை மறைக்க "லாஃப்ட் ரூம்" என்று விளம்பரத்தில் நெளிகிற தரகர் அவருக்குத் துணை போகிறார். அறை என்று விலை பேசுகிறார்கள், அறையா என்று கேட்டால் களஞ்சியம் என்கிறார்கள். முந்திய உரிமையாளர் செய்த வேலையை அறியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவர் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் அறிந்த நாளிலிருந்து அவரும் பொறுப்பாளி. தமக்கு விற்றவர் செய்ததையே அடுத்தவருக்குச் செய்ய அவருக்கு உரிமை கிடையாது. அரசும் தன் பங்கை ஏற்க வேண்டும். திருத்திக்கொள்ள வருகிறவரிடம் வழமையான கட்டணத்தைவிடக் கூடுதலாக வாங்குவது, நேர்மையாக வர நினைப்பவரையும் பாலிசிக்காரரிடம் துரத்துகிறது.

வழி இருக்கிறது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு அனுமதியின்றிச் செய்த வேலைகளுக்குக் கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன் சான்றிதழ் கேட்கலாம். இன்ஸ்பெக்டர் வந்து பலகையைத் தூக்கச் சொல்வார், பிளாஸ்டர்போர்டில் ஓட்டை போடச் சொல்வார், குறை இருந்தால் திருத்தச் சொல்வார். தூசியும் செலவும் உண்டு. திருத்த வசதியில்லாதவர் அதைப் பொருள் வைக்கும் இடம் என்று சொல்லி அந்த விலைக்கே விற்கட்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: கவுன்சிலுக்கு எழுதிய பிறகு இன்டெம்னிட்டி பாலிசி கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். பதில் வரும்வரை மேலே படுக்கிறவர்களின் பாயைக் கீழே விரியுங்கள்.