மூன்றாம் பண்பாட்டில் யாருக்கு இடம்?

1950களில் அமெரிக்கச் சமூகவியலாளர்களான ரூத் ஹில் யூசீமும் அவர் கணவர் ஜான் யூசீமும் தம் மூன்று மகன்களுடன் இந்தியாவிற்கு வந்து தங்கினர். இங்கு வாழ்ந்த அமெரிக்கத் தூதரக அலுவலர், மதப்பரப்பாளர், வல்லுநர், வணிகர் ஆகியோரின் குடும்பங்களை ஆராய்ந்தனர். தாய்நாட்டுப் பண்பாட்டிலும் இந்தியப் பண்பாட்டிலும் முழுமையாக அடங்காத ஓர் இடைநிலை வாழ்வை அவற்றில் கண்டனர். அதில் வளர்பவர்களை ரூத் 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்றார்.

பயனுள்ள கருத்தாக்கமே இது. "உன் ஊர் எது?" என்று கேட்டால் விடை தெரியாமல் தவிக்கும் பிள்ளையின் மனநிலைக்கு அது பெயர் தந்தது. ஆயினும் அது பிறந்த சூழலை மறக்கலாகாது. அக்குடும்பங்களை அனுப்பிவைக்க நிறுவனமும், திரும்பி ஏற்கச் செல்வ நாடும் இருந்தன.

நான் ஆய்வு செய்யும் தில்லியின் கட்டுமானத் தளங்களில், வீட்டில் மைதிலியும் பள்ளியில் இந்தியும் பேசும் பிள்ளைகள் உள்ளனர். பணி முடிந்ததும் அடுத்த தளம்; சில வேளை அடுத்த நகரம். இவர்களும் இரு உலகங்களுக்கு இடையில்தான் வளர்கின்றனர். ஆனால் நம் ஆய்வுகளில் இவர்கள் 'புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகள்'. அமெரிக்கப் பிள்ளையிடம் அடையாளத்தையும் இழப்பையும் கேட்கிறோம். இவர்களிடம் வருகைப்பதிவையும் இடைநிற்றலையும் மட்டுமே கேட்கிறோம்.

என் முதல் வினாநிரலும் அவ்வாறே இருந்தது. இப்போது அதில் ஒரு வினாவைச் சேர்த்துள்ளேன்: "விட்டு வந்த இடத்தில் எதை நினைத்துக்கொள்கிறாய்?"