எந்தப் பதிப்பு ஓடுது எண்டு செயலாளரைக் கேளுங்கோ

எங்கடை ஊரிலை இணையத்தளத் திறப்புவிழா எண்டால் குத்துவிளக்கு இருக்கும், பொன்னாடை இருக்கும். 1981இலை எரிஞ்ச நூலகத்தை இழுக்காமல் ஒருத்தரும் மைக்கை விடமாட்டினம். நாலு வருசம் கழிச்சு அந்த முகவரிக்குப் போனால் வெறும் வெள்ளைப் பக்கம். சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கோயில், விளையாட்டுக் கழகம் எண்டு கொக்குவிலிலையும் அங்காலையும் எத்தினை தளம் இப்பிடிப் போச்சு! நெருப்பு வைக்க ஆரும் வரேல்லை. ஹோஸ்டிங் கணக்குக்குள்ளை எந்தப் பி.எச்.பி. ஓடுதெண்டு ஆரும் பாக்கேல்லை.

சேர்வரிலை இருந்து பக்கத்தைக் கட்டித் தாற மொழி பி.எச்.பி. வேர்ட்பிரஸ் அதிலைதான் ஓடுது. 2005இலை தொடங்கின எங்கடை நூலகம் தளம் நிக்கிற மீடியாவிக்கியும் அதுதான். அதின்ரை ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஆயுள் இருக்கு. 5.6க்கான பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பர் 31ஓடை நிண்டுபோச்சு, 7.4க்கு 2022 நவம்பர் 28ஓடை. ஹோஸ்டிங் நிறுவனம் ஒருநாள் பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசை வைக்கும். அண்டைக்குப் பழைய தளம் விழும். அறிவிப்பு மின்னஞ்சல் எப்பவோ கனடாவுக்குப் போன தம்பியின்ரை பெட்டிக்குள்ளை கிடக்கும்.

தமிழிலை எழுதிற எங்களுக்கு இன்னொரு தலையிடி. ‘கொக்குவில்’ எண்ட சொல்லிலை எத்தினை எழுத்து? கொ, க், கு, வி, ல். ஐஞ்சு. பி.எச்.பி.யின்ரை சாதாரண நீளக் கட்டளையைக் கேட்டால் 30 எண்டு சொல்லும். அது எண்ணுறது பைட்டை. எம்.பி. ஸ்ட்ரிங் நீட்சி இருந்தால் 10, இன்டில் நீட்சி இருந்தால்தான் சரியான 5. இதுகளை எங்களைக் கேளாமல் பூட்டி வைக்கிற மலிவு ஹோஸ்டிங்குகள் இருக்கு. பத்து பைட்டோடை தலைப்பை வெட்டினால் ‘கொக’ எண்டு வந்து, பக்கத்திலை கறுப்பு வைரத்துக்குள்ளை ஒரு கேள்விக்குறி நிக்கும். ஊர்ப் பேரையே ஒழுங்காக் காட்டாத தளத்துக்கு ஏன் பொன்னாடை?

கோப்பு ஏத்திற அளவும் அப்பிடித்தான். பி.எச்.பி. தானா வைச்சிருக்கிற எல்லை 2 எம்.பி. ஆண்டுவிழா மலரை ஸ்கான் பண்ணி ஏத்தப் பாத்தால் ஏறாது. ‘சைட் சரியில்லை’ எண்டு மலரை வாட்சப்பிலை போட்டிடுவினம். மூண்டு மாசத்திலை அது ஆற்றையோ போனோடை போயிடும்.

‘உது ஐ.ரி. பெடியளின்ரை வேலை’ எண்டு கதிரையிலை இருக்கிற பெரியாக்கள் சொல்லுவினம். மின்சார மீற்றர் வாசிக்க மின்பொறியியல் படிக்கோணுமே? பி.எச்.பி. இன்ஃபோ எண்ட ஒற்றை வரிக் கட்டளையை ஒரு கோப்பிலை எழுதி ஏத்தித் திறந்தால் பதிப்பு, நீட்சிகள், நினைவக எல்லை, முடக்கி வைச்ச கட்டளைகள் எல்லாம் ஒரே பக்கத்திலை வரும். பாத்த கையோடை அந்தக் கோப்பை அழிச்சுப்போடுங்கோ, உங்களுக்குத் தெரிஞ்சது திருடனுக்கும் தெரியும். சீபனல் இருந்தால் பதிப்பை அங்கையே பாக்கலாம், மாத்தவும் ஏலும். ஆனால் மாத்த முதல் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.

புலத்திலை இருக்கிற அண்ணாமார், அக்காமாருக்கும் ஒண்டு சொல்லவேணும். புதுத்தளத்துக்குக் காசு கேட்டால் உடன அனுப்புறியள். பழைய தளத்தைப் பாக்கிற பிள்ளைக்கு மாசாமாசம் ஒரு தொகை குடுக்கச் சொன்னால் கதையை மாத்துறியள். திறந்து வைக்கிற கல்வெட்டிலைதானே பேர் வரும், பராமரிப்புக்கு ஆர் கல்வெட்டு வைக்கிறது!

அடுத்த பொதுக்கூட்டத்திலை கணக்கறிக்கை வாசிச்சு முடிய ஆராவது எழும்பி மூண்டு கேள்வி கேளுங்கோ: எந்தப் பதிப்பு ஓடுது? கடைசியா ஆர், எப்ப பாத்தது? சீபனல் கடவுச்சொல் ஆரிட்டை இருக்கு? மறுமொழியைக் கூட்டக் குறிப்பிலை எழுதச் சொல்லுங்கோ. ‘தம்பியிட்டைக் கேட்டுச் சொல்லுறம்’ எண்டு சொன்னால், அதையும் அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ.