தறிக்குப் பயந்து நெய்யாமல் இருப்பதா?

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். கூலிக்கு நெய்பவருக்குத் தறி சொந்தமாக இருக்கலாம். நெய்த துணியோ நூல் கொடுத்தவருக்குத்தான். தறிக்காரர் துணியில் பங்கு கேட்பதில்லை. இந்தக் கணக்கு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே, பில் போடவும் நூல் இருப்பு பார்க்கவும் மென்பொருள் எழுதி விற்கலாம் என்று உட்காரும்போது, எழுதிய மூல நிரலைக் கணினியில் ஓடும் நிரலாக மாற்றித் தரும் கம்பைலரைக் கண்டு மிரள்கிறார்கள்.

ஜிசிசி கம்பைலர், மூல நிரலோடு பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதில் கம்பைல் செய்தால் நம் மூல நிரலையும் ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பயம். அதற்கு மாற்றாகச் சிலர் தேடுவது, விலைக்கு விற்கும் கருவியின் திருட்டுப் பிரதி. தெரிந்தே அதைப் பயன்படுத்துவோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இல்லாத பேய்க்கு அஞ்சி இருக்கிற கிணற்றில் விழும் வேலை இது.

ஜிபிஎல் கட்டுப்படுத்துவது தறியை, அதாவது கம்பைலரை. அதைத் திருத்தியோ திருத்தாமலோ பிறருக்குக் கொடுத்தால்தான் அதன் மூலத்தைத் தர வேண்டும். கம்பைலரின் சிறு துணுக்குகள் நம் நிரலுக்குள் கலக்கத்தான் செய்கின்றன. அதற்கென்றே ஜிசிசியில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2009இல் அது புதிதாக எழுதப்பட்டது. வழக்கம்போல் கம்பைல் செய்து விற்பவர் யாருக்கும் மூல நிரலைக் காட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் மூலத்தைத் தரச் சொல்லாத தளர்வான உரிமம் யாருக்குத் தேவை? கம்பைலரையே மாற்றி, மூலத்தை மூடிவைத்து, தன் பொருளோடு சேர்த்து விற்பவருக்கு. சென்னை ஐஐடியின் சக்தி செயலியின் வடிவமைப்பு பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. அதை எடுத்துத் தனக்கென்று புதிய கட்டளைகள் சேர்க்கும் நிறுவனம், கம்பைலரிலும் கைவைத்தாக வேண்டும். திருத்தத்தை வெளியிட விருப்பமில்லை என்றால் அது எல்எல்விஎம் பக்கம் போகட்டும். 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தக் கம்பைலர் திட்டம், 2019இல் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. கணக்கு மென்பொருள் எழுதும் நம் பிள்ளைக்கு அந்தக் கவலையே இல்லை. ஜிசிசியோ எல்எல்விஎம்மின் கிளாங் கம்பைலரோ, கைக்கு வந்ததை எடுக்கலாம்.

பார்க்க வேண்டியது நூலை. நம் நிரலோடு இணைக்கும் நூலகங்களைத்தான் சொல்கிறோம். ரீட்லைன் என்ற நூலகம் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதை இணைத்து மென்பொருளை விற்றால் மொத்த நிரலும் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்படும். சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, ஜிபிஎல்லைவிடச் சற்றுத் தளர்ந்த எல்ஜிபிஎல் உரிமத்தில் வருவது; தனியாக வைத்து இணைத்தால் சிக்கல் குறைவு, நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினால் சில நிபந்தனைகள் வரும். அதே வேலையைச் செய்யும் மஸ்ல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. தளர்வான உரிமம் என்றாலும் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. பலர் இடறுவது இங்கேதான்.

இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதே நம் குறை. 1990களின் டர்போ சி++ கம்பைலர் இன்னும் ஓடும் ஆய்வகங்கள் உண்டு. அதன் நீலத் திரையைப் பார்த்துப் படித்துவிட்டு வருபவனுக்கு உரிமம் என்ற சொல்லே புதிது. பொறியியல் கல்லூரிகள் அந்தப் பழம்பொருளைக் கழித்துவிட்டு ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் மாற வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையில், பயன்படுத்திய ஒவ்வொரு நூலகத்தின் பெயருக்கு எதிரேயும் அதன் உரிமத்தை எழுதச் சொல்ல வேண்டும். அரசுத் துறைகள் மென்பொருளுக்கு விடும் டெண்டரிலும் அதே பட்டியலைக் கேட்கட்டும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும்.